மாண்புமிகு போன்

சட்டமன்ற உறுப்பினர் ராஜபாண்டியனுக்கு ஐம்பத்தைந்து வயது நிறைந்தபோது, விஸ்வநத்தத்திலிருந்து நாரணாபுரம் வரைக்கும் சுவர் என்று ஒன்று நின்றால் அதில் அவரும் நின்றார். அவர் எந்தத் தொகுதிக்கு உறுப்பினர் என்பது கதைக்கு வேண்டாம். எந்தத் தொகுதியில் வைத்தாலும் பொருந்திவிடக்கூடிய மனிதர்தான்.

போஸ்டர் அடிப்பது இந்தச் சிவகாசிப் பக்கத்தில் அதிசயமில்லை. மற்ற ஊர்களில் காதுகுத்துக்குக் கிடா வெட்டுவார்கள். இங்கே கிடா வெட்டப்போவதையும் நாலு கலரில் அடித்து ஒட்டிவிட்டுத்தான் கத்தியைத் தீட்டுவார்கள். ஆனால் அந்த வருஷத்துப் பிறந்தநாள் போஸ்டரில் ஒரு புதுமை இருந்தது. சிங்கம், குதிரை, செங்கோல் எதுவும் இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரு செல்போன். போனுக்குள் ஒரு பச்சைக் கட்டம். கட்டத்துக்குள், ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தே படிக்கும்படியாக, அவர் ஓர் அதிகாரிக்கு அனுப்பிய வாட்ஸ்ஆப்:

"சீசன் நேரம். ரத்தினசாமி அண்ணாச்சி கம்பெனிக்கு வச்ச சீலை இன்னைக்கே எடுத்து விடுங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

மேலே பொடி எழுத்தில் அதிகாரியின் பெயர், பக்கத்தில் தேதி, மணி, இரண்டு நீல டிக். கீழே, "ஒத்த வாட்ஸ்ஆப்பில் ஐந்நூறு குடும்பத்து அடுப்பை எரிய வைத்த எங்கள் அண்ணனே!" என்று நன்றி. அதற்கும் கீழே ரத்தினசாமியும் இன்னும் பதினெட்டு முதலாளிமாரும் கைகூப்பி நின்றார்கள். செய்த உபகாரத்துக்கு அத்தாட்சியாக அண்ணனே ரத்தினசாமிக்கு அனுப்பி வைத்த ஸ்கிரீன்ஷாட் அது. கம்பெனியில் வேலை பார்த்தது நூற்றுப்பத்துப் பேர்தான். பாக்கிக் குடும்பங்கள் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்கவில்லை. நன்றி சொல்கிறவனிடம் குறுக்கே கேள்வி கேட்பது மரியாதையில்லை.

சீல் வைத்த காரணமும் ஊருக்குத் தெரிந்ததுதான். நாற்பது பேருக்கு லைசென்ஸ் வாங்கிய பட்டாசுக் கம்பெனியில் நூற்றுப்பத்துப் பேரை வைத்து வேலை ஓட்டினார்கள். அறைக்குள் கொள்ளாதவர்கள் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து மருந்து திணித்தார்கள்.

பிறந்தநாள் கழிந்து பதினோராம் நாள், பகல் பதினொன்றே முக்காலுக்கு, அந்த வேப்பமரத்தடியில் தீப்பிடித்தது. மூன்று பேர் செத்துப்போனார்கள். மரமும் போய்விட்டது.

மறுநாள் மதியத்துக்குள் எல்லாச் சுவரிலும் நன்றிப் போஸ்டருக்கு மேலே கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஏறிவிட்டது. அதே அச்சகம், அதே அளவு, அண்ணனின் அதே படம். சிரிப்பை மட்டும் கம்ப்யூட்டரில் குறைத்திருந்தார்கள். நன்றிப் போஸ்டரோடு செல்பி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்த அத்தனை பேருடைய போனிலும் அன்றைக்கென்று பார்த்து இடம் பற்றாமல் போய், பழைய படங்களை அழித்தார்கள்.

முதலாளி ரத்தினசாமிக்கு முதலில் நெஞ்சுவலி வந்தது, பிறகு முன்ஜாமீன் வந்தது. போர்மேன் சங்கிலிமுத்துவுக்கு இரண்டும் வரவில்லை. போலீஸ்தான் வந்தது.

சங்கிலிமுத்துவின் மனைவி அய்யம்மாள் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவள். எட்டாவது வரை படித்தவள் என்றாலும், நாளெல்லாம் லேபிளைப் பார்த்துப் பார்த்து எழுத்தோடு நல்ல பழக்கம். புருஷனை ஜீப்பில் ஏற்றும்போது அவனுடைய போனையும் வாங்கிக்கொண்டார்கள். "இதுல உள்ளதோட ஒத்துப் பாக்கணும்" என்று இவளுடைய போனையும் வாங்கிக்கொண்டார்கள். அதற்கு ஒரு ரசீது கேட்டாள். "கொலைக்குச் சமானமான கேசுல வந்து ரசீது கேக்கா பாரு" என்று ஒரு ஏட்டு ஆச்சரியப்பட்டார்.

போனைத் திறந்தவர்களுக்குப் புதையல் கிடைத்தது. தீ விபத்துக்கு நான்கு நாள் முன்பு சங்கிலிமுத்து மேனேஜருக்குப் பேசி அனுப்பியிருந்தான். "சார், ஆளு சாஸ்தியா இருக்கு. மரத்தடியில மருந்து வச்சுப் பாக்கது நல்லதுக்கில்ல. எனக்குப் பயமாத்தான் இருக்கு. முதலாளிட்ட சொல்லுங்க." அதற்கு மேனேஜர் அனுப்பிய பதில் இருந்த இடத்தில், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. அதை யாரும் புதையலாக நினைக்கவில்லை. சங்கிலிமுத்து பேசியதைத்தான் எழுதிக்கொண்டார்கள்: 'ஆபத்து உள்ளது என்பதை அறிந்தே எதிரி பணியைத் தொடர அனுமதித்துள்ளார் என்பது அவரது சொந்தக் குரலாலேயே நிரூபணமாகிறது.' பயமாக இருக்கிறது என்று சொன்னவன் குற்றவாளி. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவர் மாண்புமிகு.

வக்கீல் விக்னேஷ்வரன் சின்ன வயசுக்காரர். கறுப்புக் கோட்டு இன்னும் முழங்கையில் வெளுக்கவில்லை. அவர்தான் வழி சொன்னார்.

"அக்கா, குற்றப்பத்திரிகை போடுறதுக்கு முன்னாடி அந்த வாட்ஸ்ஆப் நம்ம கைக்கு வரணும். அரசாங்க முத்திரையோட வரணும். வந்துட்டா, சீலை எடுக்கச் சொன்னது யாருன்னு கோர்ட்டு கேக்கும். உங்க வீட்டுக்காரரு மட்டும் ஒத்தையில நிக்க மாட்டாரு. வரலைன்னா..."

"வரலைன்னா?"

"வர வைப்போம்க்கா. தகவல் அறியும் உரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு."

"ஊரே படிச்ச எளுத்துதான தம்பி அது? அதைப் போயி ரகசியம் மாதிரி கேக்கச் சொல்லுதீகளே."

"ஊரு படிச்சது வேற, கோர்ட்டு படிக்கிறது வேற."

சீல் வைத்த அலுவலகத்துக்குப் போட்ட மனுவில் விக்னேஷ்வரன் மூன்று கேட்டிருந்தார். சீலை எடுக்கச் சொல்லி வந்த வாட்ஸ்ஆப்பின் நகல். அது எந்த அதிகாரிக்கு வந்தது என்ற விவரம். விட்டுப்போகக் கூடாதே என்று, கம்பெனி விபத்து சம்பந்தமாக அலுவலகத்தில் உள்ள கைப்பேசிச் செய்திகள் எல்லாவற்றின் நகலும். ஒரு மனிதனின் விடுதலை சம்பந்தப்பட்ட தகவல் என்றால் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதாம். அந்த வரியின் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு இழுத்து அனுப்பினார்.

இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் மனு அவசரத் தன்மை உடையதா என்பது அவசரமின்றிப் பரிசீலிக்கப்பட்டு, இல்லை என முடிவு செய்யப்பட்டது. தாங்கள் கோரும் வாட்ஸ்ஆப் இவ்வலுவலகக் கோப்புகளில் இல்லை. வாட்ஸ்ஆப் என்பது கோப்பு அல்ல.'

அய்யம்மாள் அதை மூன்று தடவை படித்தாள். அப்புறம் வந்த ஆத்திரத்தில் அடுப்படியைச் சுத்தம் பண்ணப் போனாள். சில பேருக்கு ஆத்திரம் வந்தால் அழுகை வரும். அய்யம்மாளுக்குத் தூசி தட்ட வரும்.

சிவகாசிப் பக்கத்து வீடுகளில் அலமாரிக்கு விரிக்கிற தாளைக் கடையில் வாங்குகிற வழக்கமில்லை. அச்சகத்தில் புது ஆர்டர் மிஷினில் ஏறும்போது, கலர் சரியாகப் பதியும்வரைக்கும் நல்ல தாளை வீணாக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஒருதரம் அச்சாகிக் கழிந்துபோன தாள்மேலேயே இருநூறு முந்நூறு ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கழிவுத்தாள் வேலைக்காரர்கள் மூலமாக வீடு வீடாகப் போகும். பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை அதுதான், பலகாரம் எடுத்து வைக்கவும் அதுதான், அலமாரி விரிப்பும் அதுதான். ஒரு தாளில் ஒரே சமயத்தில் ஊறுகாய் லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் ஆஞ்சநேயரும் ஒருவர்மேல் ஒருவர் படுத்திருப்பதைப் பார்த்து இங்கே யாரும் திகைப்பதில்லை.

மிளகாய்த்தூள் டப்பாவைத் தூக்கினாள். அடியில் பச்சைக் கட்டம் தெரிந்தது. 'சீசன் நேரம்.'

தாளை உருவி எடுத்தாள். எண்ணெய்ப் பிசுக்கோடு முழுசாக வந்தது; ஆள் உயரப் போஸ்டரில் செய்தி இருந்த நடுத்தாள். அவளுடைய தம்பி மாரிக்கண்ணன் ஆப்செட் மிஷினில் வேலை பார்க்கிறவன். அவன் கொண்டுவந்து போட்ட கழிவுத்தாள் கட்டுக்குள் இருந்தது. சொல்லியனுப்பியதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தவன், தாளைப் பார்த்ததும் கதவைச் சாத்தினான்.

"எக்கா, என் பேர மட்டும் எங்கேயும் சொல்லிராத. நாளைக்கே என்னைய வெளிய தள்ளிருவாக."

"உன் பேர எதுக்குலே சொல்லுதேன்? இதுல நல்ல தாளு ஒண்ணு கிடைக்காதா?"

"நல்ல தாளு எல்லாம் சுவருக்குப் போயிருச்சு. அச்சடிச்ச பிளேட்டை அன்னைக்கே அலுமினிய விலைக்குப் போட்டாச்சு. கம்ப்யூட்டர்ல இருந்ததையும் எங்க பிரஸ் மொதலாளியே நின்னு டெலீட் பண்ணச் சொன்னாரு. இது ஒண்ணுதான் தப்பிச்சிருக்கு. அதுவும் மத்தாப்புப் பாப்பா மேல அடிச்சதுக்கா, பாரு."

பார்த்தாள். கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு அச்சடித்துக் கழிந்த தாளில்தான் போஸ்டரை ஓட்டியிருந்தார்கள். கையில் மத்தாப்போடு ஒரு கொழுகொழு குழந்தை ஈயென்று சிரித்துக்கொண்டிருந்தது. செய்தியில் ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. ஆனால் அதிகாரியின் பெயர் இருந்த இடத்தில் குழந்தையின் வாய். தேதியும் மணியும் இருந்த இடத்தில் குழந்தையின் கன்னம். அனுப்பியவர் படத்தின்மேல் பொறிப்பொறியாக மத்தாப்பு.

"இந்தச் சவத்துப் பிள்ளைக்குச் சிரிக்க வேற இடம் கிடைக்கலையா?" என்றாள் அய்யம்மாள்.

மேல்முறையீடு போட்டார்கள். அது விசாரணைக்கு வருவதற்குள், சாத்தூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் அண்ணன் ராஜபாண்டியன், 'ஒளிவுமறைவற்ற மக்கள் சந்திப்பு' நடத்தினார். எல்லாரும் பார்க்கட்டும் என்று மேடை மேஜைக்குத் துணி விரிக்காமல் கண்ணாடி மேஜை போட்டிருந்தார்கள். அவருடைய செருப்பு தெரிந்தது. அதற்குமேல் ஒளிவுமறைவின்மை எட்டவில்லை. அய்யம்மாள் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"என் போன் உங்க போன்!" என்றார் அண்ணன் மைக்கில். "நடுச்சாமத்துல கூப்பிட்டாலும் எடுப்பேன். என் போனுக்குப் பூட்டு கிடையாது. ஏன் கிடையாது? மடியில கனமில்ல!"

கைதட்டல் ஓய்வதற்குக் காத்திருந்து அய்யம்மாள் எழுந்தாள்.

"அய்யா, ரத்தினசாமி மொதலாளி கம்பெனிச் சீலை எடுக்கச் சொல்லி ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தீகளே. அந்த ஒண்ணை மட்டும் காட்டுங்க. என் வீட்டுக்காரரு ஜெயில்ல இருக்காரு."

அண்ணனுடைய உதவியாளர் ஒருவர் அவளை நோக்கி இரண்டடி வைத்தார். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். பெரிய மனிதர்களுக்கு ஆபத்துக் காலத்தில்தான் கருணை பெருகும்.

"வாங்க தாயே. மேடைக்கு வாங்க. அவுகளை விடுங்கப்பா, வரட்டும்!"

ஏறினாள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, விளக்கைத் தூக்கிக் காட்டுவதுபோல அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாத்துக்கோங்க தாயே. நல்லாப் பாத்துக்கோங்க. ஒளிவுமறைவு கிடையாது."

அய்யம்மாள் பார்த்தாள். போனின் முகப்பில் அண்ணனுடைய படம் இருந்தது. அந்தப் படத்திலும் அவர் போன் பேசிக்கொண்டிருந்தார். அதற்கு உள்ளே எப்படிப் போவது என்று யோசிப்பதற்குள் ஏழெட்டு கேமராக்கள் மின்னின. போன் பைக்குள் போய்விட்டது. ஒரு சால்வை அவள் தோளில் விழுந்தது. இறங்கும் படிக்கட்டு இந்தப் பக்கம் என்று யாரோ காட்டினார்கள்.

மறுநாள் பேப்பரில் படம் வந்திருந்தது. 'செல்போனைக் காட்டுங்கள் எனக் கேட்ட பெண்: மேடையிலேயே காட்டி அசத்திய எம்.எல்.ஏ.'

மேல்முறையீட்டு விசாரணை விருதுநகரில், மாடியில் ஓர் அறையில் நடந்தது. மேல்முறையீட்டு அலுவலர் மணிகண்டராஜ் கெட்டவர் இல்லை. அய்யம்மாளை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். இப்படிப்பட்டவர்களிடம்தான் சண்டை போடவே முடியாது.

"சொல்லுங்கம்மா. உங்க குறை என்ன?"

விக்னேஷ்வரன் சட்டப் பிரிவுகளைச் சொன்னார். மணிகண்டராஜ் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். கடைசியில் அய்யம்மாள் பையிலிருந்து தாளை எடுத்து மேஜைமேல் விரித்தாள். மிளகாய்த்தூள் வாசம் வந்தது. அதிகாரி மெல்லத் தும்மினார்.

"இதுதான் சார் அந்த மெசேஜு. இப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு உங்க ஆபீசுல எளுதியிருக்காக."

மணிகண்டராஜ் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இதுல ஒரு குழந்தை இருக்கே."

"அது மத்தாப்பு லேபிள் சார். கழிவுத்தாள்ல ஓட்டுனது."

"அந்தக் குழந்தையும் இதுல ஒரு தரப்பா?"

விக்னேஷ்வரன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பல்லைக் கடித்தார்.

"தேதி இல்லை. யாருக்குன்னு இல்லை. அச்சகத்தோட பேரும் இல்லை" என்றார் அதிகாரி. "இதை எந்த அச்சகத்துல அடிச்சாங்கன்னு சொல்லுங்க. அவங்களைக் கூப்பிட்டு விசாரிச்சுருவோம்."

அய்யம்மாள் வாயைத் திறந்தாள். கதவைச் சாத்திவிட்டு நின்ற தம்பியின் முகம் கண்ணுக்குள் வந்தது. "தெரியாது சார்" என்றாள்.

"பாருங்க. உங்களுக்கே தெரியலை."

"போஸ்டர எதுக்கு சார் பாக்கணும்? அவரு போனை வாங்கிப் பாத்தா தெரிஞ்சிரப் போகுது. எங்க வீட்டு ரெண்டு போனையும் வாங்கிட்டுப் போயி மூணு மாசமாவப் போவுது. ஒரு ரசீது கிடையாது. அவரு போனையும் ஒரு நாளு வாங்கிப் பாக்கப்படாதா?"

கர்ப்பக்கிரகத்துக்குள் செருப்போடு போகலாமா என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல அவர் பார்த்தார்.

"அது மாண்புமிகு போன்மா. அவரு ஒரு பொது மனுஷர். அவருக்கு ஆயிரம் பேரு என்னென்னமோ அனுப்புவாங்க. அதெல்லாம் மூன்றாம் நபர் அந்தரங்கம். இருந்தாலும் உங்களுக்காக அவரு சம்மதத்தைக் கேட்டு எழுதினோம். என்ன பதில் வந்திருக்கு தெரியுமா?" கோப்பைத் திருப்பினார். "அவரு போன்ல செய்தியெல்லாம் ஏழு நாள்ல தானா அழிஞ்சுருமாம். எளிமையா வாழணும்னு அப்படி வச்சிருக்காராம்."

"அனுப்புனவரு போன்ல அளிஞ்சா, வாங்குனவரு போன்ல இருக்குமே சார்? வாங்குனது யாரு?"

மேஜைமேல் இருந்த போன் அந்த நேரம் பார்த்து உறுமியது. மணிகண்டராஜ் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"அதுவும் மூன்றாம் நபர்" என்றார். "இன்னொண்ணும் இருக்கும்மா." கோப்பின் கடைசிப் பக்கத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். பேப்பர் கத்தரிப்பு ஒட்டியிருந்தது. மேடையில் அய்யம்மாள், எதிரே நீட்டிய போன், தோளில் சால்வை. "தேதி இருக்கு. பேரு இருக்கு. ஊரு இருக்கு. மாண்புமிகு உறுப்பினர் தன்னோட கைப்பேசியைப் பொது மேடையில மனுதாரருக்கே காட்டிட்டாருன்னு ஆதாரபூர்வமா இருக்கு. காட்டின பிறகு காட்டலைன்னு மேல்முறையீடு பண்ணினா எப்படிம்மா?"

"அவரு படத்தைத்தான சார் காட்டுனாரு?"

"அது பேப்பர்ல வரலையே."

விக்னேஷ்வரன் எழுந்து நின்று ஏதோ பிரிவைச் சொன்னார். அதிகாரி அதற்கும் தலையசைத்தார். மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்துகொள்ளும் உரிமை இருக்கிறது என்று அன்போடு எடுத்துச் சொன்னார். அங்கே எப்போது விசாரணைக்கு வரும் என்று கேட்டதற்கு, "ரெண்டு வருஷம், மூணு வருஷம். ஆனா கட்டாயம் வரும்" என்று நம்பிக்கை ஊட்டினார்.

"உங்களை வெறுங்கையோட அனுப்ப மாட்டோம்மா" என்றும் சொன்னார். மணியடித்ததும் ஒரு தடித்த கவர் வந்தது. "விபத்து சம்பந்தமா இருக்கற கைப்பேசிச் செய்திகள் எல்லாம் வேணும்னு மூணாவதாக் கேட்டிருந்தீங்க. எங்ககிட்ட இருக்கறது அம்புட்டையும் கொடுத்திருக்கோம். ஒரு எழுத்து மறைக்கலை. எங்க வெப்சைட்டுலயும் போட்டிருக்கோம். யாரு வேணும்னாலும் பாக்கலாம். வெளிப்படைத்தன்மைன்னா இதுதாம்மா."

வெளியே வந்து மாடிப்படியில் நின்றபோது அய்யம்மாள் கேட்டாள். "அந்த மெசேஜ் யாருக்குத் தம்பி வந்திருக்கும்? நீங்க போஸ்டரைப் பாத்தீகளா?"

விக்னேஷ்வரன் கோட்டைக் கழற்றி மடித்தார்.

"பாத்தேன்க்கா. மேல பேரு இருந்துச்சு. மணிகண்டராஜ் சார்னு."

அவள் திரும்பி மாடியைப் பார்த்தாள்.

"அவருகிட்டயா வந்து கேட்டோம்?"

"சட்டப்படி அவருகிட்டதான்க்கா கேக்கணும். முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க அந்த டீயைக் குடிச்சிருக்க மாட்டீக."

பஸ்ஸில் சன்னல் பக்கம் இடம் கிடைத்தது. அய்யம்மாள் கவரைப் பிரித்தாள். நூற்றுச் சொச்சம் பக்கம், ஒவ்வொன்றிலும் வட்ட முத்திரை, கையெழுத்து. இத்தனை நாளாக அவள் கேட்ட முத்திரை. முதல் பக்கத்திலேயே அவள் பெயர் இருந்தது. 'எதிரியின் மனைவி அய்யம்மாள் எதிரிக்கு அனுப்பிய குரல் பதிவு: வரும்போது புளி வாங்கிட்டு வாங்க, கொட்டை எடுத்த புளியா வாங்குங்க.' அடுத்து: 'எதிரி: சரி.' அடுத்து: 'எதிரியின் மனைவி: சும்மா சரிங்காதீக, போன தடவையும் சரின்னுதான் சொன்னீக.'

பக்கம் பக்கமாக அவர்கள்தான். அவளுடைய வயிற்றுவலி, டாக்டர் சொன்னது, கொழுந்தனோடு வந்த சண்டை, அவள் மாமியாரைத் திட்டியது, அவன் சமாதானம் சொன்னது, ஒருநாள் அவன் குடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டது. போலீஸ் வாங்கிப்போன இரண்டு போனிலிருந்தும் யாரோ ஒரு காவலர் இரவு பகலாக உட்கார்ந்து ஒன்றுவிடாமல் தட்டச்சு செய்து, இந்த அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தார். எழுபத்தோராம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'எதிரி தன் மனைவிக்குப் பாடி அனுப்பியது. 2 நிமிடம் 10 வினாடி. பாட்டு விளங்கவில்லை.'

அய்யம்மாள் கவரை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "என்னக்கா, பத்திரமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

எண்பத்தெட்டாம் நாள் குற்றப்பத்திரிகை போட்டார்கள். தொண்ணூறு நாளைத் தாண்டியிருந்தால் ஜாமீன் தானாகக் கிடைத்திருக்குமாம். இந்த விவகாரத்தில் அரசாங்கம் நேரத்துக்குச் செய்த ஒரே வேலை அதுதான். முதல் எதிரி, சங்கிலிமுத்து. இரண்டாம் எதிரி என்று யாரும் இல்லை. ரத்தினசாமி சாட்சி வரிசையில் நின்றார். போர்மேன் இப்படிப்பட்ட ஆள் என்று தெரியாமல் வேலைக்கு வைத்துவிட்டதாக வருத்தப்பட்டிருந்தார். சீல் எப்படித் திறந்தது என்ற இடத்தில், 'சீல் அகன்றது' என்று எழுதியிருந்தது. காற்றடித்தோ என்னவோ.

அந்த வாரம் ஜெயிலுக்குப் போனாள். கம்பிவலைக்கு இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். சங்கிலிமுத்து இளைத்திருந்தான். அன்றைக்கு வேப்பமரத்தடியில் தீக்காயம் பட்ட இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

"ஏ புள்ள, அந்த மெசேஜு கிடைச்சுதா?"

"இல்ல."

"இல்லையா?"

"உங்களது கிடைச்சுச்சு. என்னதும் கிடைச்சுச்சு. புளி வாங்கச் சொன்னதுல இருந்து அம்புட்டும் எளுதி முத்திரை குத்திக் கொடுத்திருக்காக."

அவனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "புளிக்கு எதுக்கு முத்திரை?" பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. வலையை நெருங்கி வந்தான். "எல்லாமேன்னா... அன்னைக்குப் பாடி அனுப்புனேனே, அதுமா?"

"அதுவும்தான். பாட்டு விளங்கலைன்னு போட்டிருக்கு."

"விளங்கலையா? நல்லாத்தான பாடுனேன்?"

"நல்லாத்தான் பாடுனீக."

"வேற யாரும் பாத்திருக்க மாட்டாகல்ல?"

அய்யம்மாளுக்குப் பொய் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் அவனுக்கு எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள். "வெப்சைட்டுல இருக்காம். யாரு வேணும்னாலும் பாக்கலாமாம். மாரிக்கண்ணன் வேலை பாக்க எடத்துல பாத்திருக்காக. சிரிச்சிருக்காக."

"அதை எடுக்கச் சொல்ல முடியாதா புள்ள?"

"கேட்டாச்சு. வக்கீல் தம்பி எளுதிக் கேட்டாரு. அது பொதுமக்கள் நலனாம். எடுக்கப்படாதாம்."

சங்கிலிமுத்து வலையில் விரலைக் கோர்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பக்கத்தில் நின்ற வார்டர் காதுக்குள் விரலைவிட்டுக் குடைந்துகொண்டிருந்தார். சங்கிலிமுத்து அவரைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"சொல்லுங்க. என்ன?" என்றாள் அய்யம்மாள்.

ஒன்றுமில்லை என்று தலையை மட்டும் ஆட்டினான்.